டன்ஜன்: கோபுரத்திலிருந்து இறங்கிய சொல்

டன்ஜன் என்றதும் ஈரம் கசியும் நிலவறை, சங்கிலி, எலி என்றுதான் மனம் போகும். ஆனால் இந்தச் சொல் பிறந்தது கோட்டையின் ஆக உயரமான கோபுரத்தில். லத்தீனில் ‘டொமினுஸ்’ என்றால் எசமான். அந்த வேரிலிருந்து பழைய பிரெஞ்சில் ‘டோன்ஜோன்’ வந்தது. எசமானின் கோபுரம் என்று பொருள். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். கோபுரமும் அதன் பெயரும் அவர்களோடு ஆங்கிலக் கால்வாயைக் கடந்தன.

அப்படியொரு கோபுரத்தைப் பார்க்க கென்ட் பகுதியிலுள்ள ராச்செஸ்டருக்குப் போகவேண்டும். 1127இல் முதலாம் ஹென்றி அந்தக் கோட்டையை கேன்டர்பரி பேராயர் வில்லியம் டி கோர்பெயிலிடம் ஒப்படைத்தார். பேராயர் எழுப்பிய கோபுரத்தின் உயரம் 113 அடி. சுவரின் கனம் மட்டுமே சுமார் 12 அடி. உள்ளே அதை இரண்டாகப் பிரிக்கும் குறுக்குச்சுவர். கிணற்றை அந்தச் சுவருக்குள்ளேயே மேலே கொண்டுபோயிருக்கிறார்கள். எந்தத் தளத்தில் நின்றும் வாளியை இறக்கித் தண்ணீர் சேந்தலாம். கூரையும் தளங்களும் இன்று இல்லை. அண்ணாந்து பார்த்தால் சுவரில் அந்தரத்தில் கணப்படுப்புகள், வளைவுகளில் ரம்பப் பல் போன்ற செதுக்கல். கைதிக்கு யார் செதுக்கிவைப்பார்கள்?

கோபுரத்தின் மூன்று மூலைகள் சதுரம், ஒன்று மட்டும் வட்டம். 1215இல் தன்னை எதிர்த்த பிரபுக்கள் உள்ளே இருக்க, ஜான் மன்னர் கோட்டையை முற்றுகையிட்டார். ஒரு மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்தார்கள். சாப்பாட்டுக்கு லாயக்கில்லாத, கொழுத்த 40 பன்றிகளை அனுப்பும்படி மன்னரின் ஆணை பறந்தது. அந்தக் கொழுப்பில் முட்டுகள் எரிந்தன, மூலை சரிந்தது. உள்ளே இருந்தவர்கள் குறுக்குச்சுவருக்கு அப்பால் ஒதுங்கி இன்னும் தாக்குப்பிடித்தார்கள். கடைசியில் பணியவைத்தது பசிதான். இடிந்த மூலையை அடுத்த மன்னர் காலத்தில் வட்டமாகக் கட்டினார்கள்.

எசமானின் வீடு எப்படிச் சிறையாயிற்று? கனத்த சுவர், எட்டாத சன்னல், குறைந்த வாசல்: பகைவனை வெளியே நிறுத்துவதெல்லாம் கைதியை உள்ளேயும் நிறுத்தும். ஆனால் கைதியை வைத்தது பெரும்பாலும் மேலேதான். லண்டன் டவரின் முதல் கைதியாகச் சொல்லப்படும் பிஷப் ரானுல்ஃப் ஃபிளம்பார்ட், 1101இல் மதுக்குடத்தில் ஒளித்து வந்த கயிற்றைச் சன்னலில் கட்டி இறங்கித் தப்பினார். பாதாளத்தில் இருந்தவருக்குக் கயிறு எதற்கு?

14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் டன்ஜன் என்றால் கோபுரம், சிறை இரண்டும்தான். பிறகு சிறை வென்றது. பாதாளக் கற்பனையை ஊதிப் பெருக்கியதில் பிற்காலத்துத் திகில் நாவல்களுக்கும் பங்குண்டு என்பது என் கணிப்பு. பெயரைப் பறிகொடுத்த கோபுரத்தை 16ஆம் நூற்றாண்டிலிருந்து ‘கீப்’ என்றார்கள். கட்டியவர்களுக்குத் தெரியாத சொல் அது. அவர்களுடைய லத்தீன் ஏடுகளில் அது வெறும் ‘துர்ரிஸ்’, அதாவது கோபுரம். அதனால்தான் இன்றைய கோட்டை ஆய்வாளர்கள் பலர் கீப்பை ஒதுக்கிவிட்டு ‘பெருங்கோபுரம்’ என்றே எழுதுகிறார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. பாரிஸ் அருகே வான்சேன் கோட்டையில் சுமார் 50 மீட்டர் உயரத்தில் நிற்பதை அவர்கள் இன்றும் டோன்ஜோன் என்றுதான் சொல்கிறார்கள். தத்துவஞானி திதரோவை 1749இல் அடைத்துவைத்திருந்த கோட்டைதான் அது.