பாரிசில் மலிவாகச் சாப்பிட: ஒரு இறைச்சிக்கடைக்காரரின் கதை

பாரிஸ் பார்க்க வருகிற எங்கட ஆக்கள் பலர், உணவக வாசலில் விலைப்பட்டியலைப் பார்த்ததும் திரும்பி விடுவார்கள். பிறகு அறையில் பாணும் சீஸும்தான். அவர்களுக்கு நான் சொல்வது: "புய்யோன்" தேடிப் போங்கோ.

புய்யோன் என்றால் இறைச்சி அவித்த சாறு. 1850களில் டுவால் என்ற இறைச்சிக்கடைக்காரர், பணக்காரர் விரும்பாத துண்டுகளை அவித்து, லெ ஆல் சந்தைத் தொழிலாளருக்கு மலிவாகக் கொடுத்தார். அதுவே அந்த உணவகங்களுக்கும் பெயராகி, 1900 அளவில் நகரில் சுமார் 250 இருந்தன. பிறகு பெரும்பாலானவை மறைந்தன. 1896இல் தொடங்கிய ஷார்த்தியே இன்றும் நடக்கிறது. 2017இல் பிகாலில் புதிதாக ஒன்று திறந்தார்கள்.

மலிவு என்பதற்காக அங்கே மரியாதையைக் குறைக்கவில்லை. கதிரை, மேசை, வெள்ளை ஏப்ரன் கட்டிய பரிமாறுபவர் எல்லாம் உண்டு. ஷார்த்தியேயில் வாடிக்கைக்காரர் தங்கள் துடைக்கும் துணியை வைக்கச் சின்ன லாச்சிகள்கூட இருந்தன. பரிமாறும் கூலி விலைக்குள்ளேயே அடக்கம். குழாய்த் தண்ணீர் கேட்டால் காசில்லை.

இந்த நகரத்து உணவகங்களின் பின்பக்கம் கோப்பை கழுவிய எங்கட பெடியள் எத்தனை பேர்! அவர்களும் ஒருநாள் முன்கதவால் போய், இருந்து சாப்பிட வேண்டும். அந்தக் கதிரை தொழிலாளிக்காகப் போட்டதுதான்.