ஓரத்து ஆட்டக்காரனை எடைபோட்ட ஊர்

ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கிப் பிக்கடில்லி ரயிலில் லண்டன் மாநகருக்குள் செல்லும் தமிழர்கள், ஹவுன்ஸ்லோ என்ற பெயரைத் தாங்கிய மூன்று நிலையங்களை அடுத்தடுத்துக் கடந்து செல்கிறார்கள். அந்நிலையங்களுக்குக் கிழக்கே, பிரெண்ட் என்னும் சிற்றாறு தேம்ஸ் நதியோடு கலக்கும் இடத்தில், ஒரு காலத்தில் மிடில்செக்ஸ் ஜில்லாவின் தலைமை ஊராக மதிக்கப்பட்டு, 1965இல் ஹவுன்ஸ்லோ நகராட்சிக்குள் அடங்கிப்போன பிரெண்ட்ஃபோர்ட் இருக்கிறது. இவ்வூரின் கால்பந்துக் கழகம் தன் ஆயுளின் பெரும்பகுதியைக் கீழ்ப்படிகளிலேயே கழித்த ஏழைக் கழகம். ஆயினும், பெயர் பெறாத ஓர் இளைஞனைப் பார்த்து, இவன் நாளை பெரிய அரங்கில் ஆடத் தகுந்தவனா என்று தீர்மானிக்கும் கடினமான வித்தையில், பெரும் செல்வம் படைத்த கழகங்களுக்கும் பாடம் சொல்லத்தக்க அனுபவம் இதற்கு உண்டு. அந்த வித்தையின் சரித்திரத்தையே இங்கே எழுத விரும்புகிறேன்.

1889ஆம் ஆண்டு அக்டோபரில், கியூ பாலத்துக்கு அருகே இருந்த ஒரு மதுக்கடையில், பிரெண்ட்ஃபோர்ட் படகோட்டும் சங்கத்தார் கூடி, குளிர்காலத்தில் தங்கள் தேகத்தை வலுவாக வைத்துக்கொள்ள எந்த விளையாட்டை மேற்கொள்வது என்று ஆலோசித்து, ரக்பியா கால்பந்தா என வாக்கெடுத்தபோது, கால்பந்தே வென்றது. அன்று தீர்ப்பு மாறியிருந்தால் இவ்வூர்ப் பிள்ளைகள் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியிருப்பார்கள். ரக்பியின் வழிவந்த அமெரிக்கக் கால்பந்திலும், வட்டப் பந்தை உதைக்கும் இந்த ஆட்டத்திலும், மைதானத்தின் ஓரத்தில் தனித்து நின்று வேகத்தாலும் சாமர்த்தியத்தாலும் எதிரியை ஏமாற்றிச் செல்பவன் ஒருவன் இருக்கிறான். அங்கே அவனை வைட் ரிசீவர் என்பர். இங்கே விங்கர் என்பர். இருவரையும் மதிப்பிடுவது ஒரே விதத்தில் சிரமமானது. ஏனெனில் ஓரத்தில் நிற்பவனுக்குப் பந்து எப்போதாவது ஒருமுறைதான் வருகிறது. அவனுடைய வெற்றியில் பாதி, பந்தை அவனுக்குக் கொடுப்பவனின் கையிலோ காலிலோ இருக்கிறது.

1926இல் இக்கழகத்தின் நிர்வாகியாக வந்த ஹாரி கர்ட்டிஸ் முன்னாளில் ஆட்ட நடுவராகத் தொழில் செய்தவர். எந்தக் கட்சியிலும் சேராமல், ஆட்டக்காரர்களுக்கு நடுவே ஓடிக்கொண்டே அவர்களைக் கவனிக்கும் பழக்கம் வேறு எவருக்கும் அவ்வளவு இயல்பாக வாய்ப்பதில்லை. கர்ட்டிஸின் வெற்றிக்கு இதுவே அஸ்திவாரம் என்பது என் அபிப்பிராயம். 1929-30ஆம் பருவத்தில் சொந்த மைதானமான கிரிஃபின் பார்க்கில் ஆடிய 21 லீக் ஆட்டங்களிலும் அவருடைய கோஷ்டி வென்றது. பின்பு 1932இல், மிடில்ஸ்பரோ கழகத்தில் ஒதுக்கப்பட்டுக் கிடந்த மூவரை ஒரே சமயத்தில் சொற்ப விலைக்கு வாங்கிவந்தார். அவர்களுள் ஜாக் ஹாலிடே அடுத்த பருவத்தில் அடித்த 38 லீக் கோல்கள் இன்றளவும் அக்கழகத்தில் எவரும் எட்டாத எண்ணிக்கை. அதே ஆண்டு கிறிஸ்டல் பேலஸ் கழகத்திலிருந்து வந்த வேல்ஸ் தேசத்து இளைஞர் ஐட்ரிஸ் ஹாப்கின்ஸ், வலது ஓரத்தில் ஆடி, பின்னாளில் தம் தேசத்துக்காகவும் களமிறங்கினார். 1933இல் மூன்றாம் பிரிவிலிருந்தும் 1935இல் இரண்டாம் பிரிவிலிருந்தும் ஏறிய கழகம், முதற் பிரிவில் தன் முதற் பருவத்திலேயே ஐந்தாம் இடத்தைப் பிடித்தது.

கர்ட்டிஸ் காலத்து முறை முழுவதும் கண்ணின் முறை. மாட்டுச் சந்தையில் அனுபவசாலியான விவசாயி பல்லையும் சுழியையும் நடையையும் நோக்கி ஒரு கணத்தில் விலை சொல்வதுபோல, ஆள் தேடச் சென்றவர்கள் ஓட்டத்தையும் தோளையும் முகபாவத்தையும் பார்த்தே முடிவு கட்டினர். இம்முறையை இகழ்வாரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்த ஞானம் ஒருவரோடு தோன்றி அவரோடே மறைந்துவிடும் தன்மையது. யுத்தத்துக்குப் பின் 1947இல் கழகம் முதற் பிரிவிலிருந்து இறங்கிற்று. 1949இல் கர்ட்டிஸ் விலகினார். அவர் கண் கண்டதை வேறு எவரும் எழுதி வைத்திருக்கவில்லை.

எழுதி வைப்பவர் ஒருவர் விரைவிலேயே வந்து சேர்ந்தார் என்பது இச்சரித்திரத்தின் விசேஷம். சார்ல்ஸ் ரீப் பிரிட்டிஷ் விமானப் படையில் கணக்கு அதிகாரியாகப் பணியாற்றியவர். 1930களில், ஆர்செனல் கழகத்தின் சார்ல்ஸ் ஜோன்ஸ் ஆட்ட முறைகளைப் பற்றி, முக்கியமாக ஓர ஆட்டக்காரர்களின் கடமைகளைப் பற்றி நிகழ்த்திய சொற்பொழிவுகளைக் கேட்டதிலிருந்து, அவர் மனத்தில் இந்த விஷயம் ஊறிக்கொண்டே இருந்தது. 1950 மார்ச் 18 அன்று ஸ்விண்டன் டவுன் கழகத்தின் ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, முதற் பாதியின் பயனற்ற மந்தகதியைப் பொறுக்க மாட்டாமல், இடைவேளைக்குப் பின் குறிப்புப் புத்தகத்தையும் பென்சிலையும் எடுத்து, ஒவ்வொரு தாக்குதலும் எங்கே தொடங்கிற்று, எவ்வழியே சென்றது, எங்கே முடிந்தது என்று சுருக்கெழுத்தில் பதியத் தொடங்கினார். அதற்கு முன்பும் ஆட்டங்களைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதியோர் பலர். ஆட்டத்தையே கணக்குப் பேரேட்டில் ஏற்ற முயன்ற அவருடைய பிரயத்தனம் அந்நாளில் புதுமை.

1951 பிப்ரவரியில், இரண்டாம் பிரிவிலிருந்தும் இறங்கிவிடுவோமோ என்று அஞ்சிக்கொண்டிருந்த பிரெண்ட்ஃபோர்டின் நிர்வாகி ஜாக்கி கிப்பன்ஸ், இந்த ரீப்பைப் பகுதிநேர ஆலோசகராக அமர்த்தினார். தொழில்முறைக் கழகம் ஒன்று கணக்குப் பார்ப்பவரின் சொல்லை நம்பி ஆட்ட முறையை மாற்றிக்கொண்ட ஆதி நிகழ்ச்சிகளுள் ஒன்று, நாற்புறமும் தொழிலாளர் வீடுகளும் நான்கு மூலைகளிலும் மதுக்கடைகளும் சூழ்ந்த அந்தச் சிறிய மைதானத்தில்தான் நடந்தது. கழகம் இறக்கத்தினின்று தப்பியது. ஆனால் அவ்வாண்டிலேயே ரீப்புக்கு உத்தியோக மாற்றல் வரவே, அவருடைய குறிப்பேடுகளும் அவரோடு சென்றன. அவற்றின் பலனை ஸ்டான் கல்லிஸ் என்பவரின் வுல்வர்ஹாம்ப்டன் கழகம் 1950களில் அனுபவித்தது. பிரெண்ட்ஃபோர்டோ 1954இல் மூன்றாம் பிரிவுக்கு விழுந்தது.

ரீப் எண்ணியதெல்லாம் சரியானதன்று என்பதையும் சொல்ல வேண்டும். 1958 உலகக் கோப்பை இறுதியாட்டத்தைச் சுவரில் ஒட்டும் காகிதச் சுருளில் பதிவுசெய்யும் அளவுக்கு உழைப்பாளியான அவர், பெர்னார்ட் பெஞ்சமின் என்னும் புள்ளியியல் அறிஞரோடு சேர்ந்து 1968இல் ராயல் ஸ்டாடிஸ்டிகல் சொசைட்டியின் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பெரும்பாலான கோல்கள் மூன்று அல்லது அதற்கும் குறைவான பாஸ்களில் பிறக்கின்றன என்று கண்டு, ஆகையால் பந்தை நீளமாக முன்னே அனுப்புவதே உத்தமம் என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். ஆனால் ஆட்டத்தில் நிகழும் நகர்வுகளிலேயே பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை மூன்று பாஸ்களைத் தாண்டுவதில்லை. ஆதலால் கோல்களும் அவற்றிலிருந்தே மிகுதியாகப் பிறக்கின்றன என்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. எண்ணிக்கையைச் சரியாக எடுத்தவர், அதை எதனோடு ஒப்பிடுவது என்பதில் தவறினார். இத்தவறு ஆங்கிலக் கால்பந்தையே பல ஆண்டுகள் பீடித்தது. கணிதத்தின் மேல் பயிற்சியாளர்கள் பலர் கொண்ட வெறுப்புக்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இதே பரீட்சையில் அமெரிக்கர்கள் பட்ட பாட்டை இவ்விடத்தில் நோக்குவது பயன் தரும். அங்கே 1936 முதல், கல்லூரிகளில் ஆடி முடித்த இளைஞர்களைத் தொழில்முறைக் கழகங்கள் முறைவைத்துத் தெரிந்தெடுக்கும் டிராஃப்ட் என்னும் ஏற்பாடு உள்ளது. அதற்கு முன்னோடியாக அவ்விளைஞர்களை ஓரிடத்தில் கூட்டி, 40 கஜ தூரத்தை எத்தனை விநாடியில் ஓடுகிறார்கள், எவ்வளவு உயரம் தாவுகிறார்கள் என்றெல்லாம் அளக்கிறார்கள். 2017இல் ஜான் ராஸ் என்னும் வைட் ரிசீவர் அத்தூரத்தை 4.22 விநாடியில் கடந்து அன்றைய சாதனையைப் படைத்தார். சின்சினாட்டி கழகம் அவரை ஒன்பதாவது ஆளாகத் தெரிந்தெடுத்தது. தொழிலில் அவர் சோபிக்கவில்லை. மாறாக, மிசிசிப்பி மாநிலத்தின் சிறு கல்லூரி ஒன்றிலிருந்து வந்து, ஓட்டத்தில் பெயர் பெறாமலே 1985இல் பதினாறாவது ஆளாக எடுக்கப்பட்ட ஜெரி ரைஸ், அந்த ஸ்தானத்தில் ஆடியவர்களுள் தலைசிறந்தவர் என்று இன்றும் போற்றப்படுகிறார். கடிகாரம் காலின் வேகத்தைச் சொல்லும். எந்தக் கணத்தில் எத்திசையில் திரும்ப வேண்டும் என்று அறியும் புத்தியை அது சொல்லாது. ஆகவே அங்குள்ள கணக்கர்கள் இப்போது ஒருவனுடைய வேகத்தோடு, எந்தப் பிராயத்தில் அவன் முதன்முதலில் மேம்பட்டு நின்றான், தன் கோஷ்டியின் மொத்த ஆட்டத்தில் அவன் பங்கு எவ்வளவு, எதிர்த்து நின்றவர்களின் தரம் என்ன என்பவற்றையும் சேர்த்தே எடைபோடுகிறார்கள்.

ரீப் விட்டுச்சென்ற பேரேட்டைப் பிரெண்ட்ஃபோர்டில் மீண்டும் திறந்தவர் மத்தேயு பென்ஹாம். ஆக்ஸ்ஃபோர்டில் பௌதிகம் பயின்று, பந்தயங்களின் சாத்தியக்கூறுகளைக் கணிக்கும் தொழிலில் பொருளீட்டிய அவர், சிறு பிராயத்திலிருந்தே இக்கழகத்தின் அபிமானி. கழகம் கடனில் தத்தளித்த நாட்களில் பணம் கொடுத்து உதவி, 2012இல் அதன் உரிமையாளரானார். அவருடைய கணக்கின் மூலாதாரம் எளியது. ஒரு கோஷ்டி எத்தனை கோல் அடித்தது என்பதில் அதிர்ஷ்டம் மிகுதியாகக் கலந்திருக்கிறது. ஆதலால், எந்த இடத்திலிருந்து, எந்தக் கோணத்தில், எவ்வகையில் ஒவ்வொரு முறையும் பந்தை உதைத்தார்கள், அத்தகைய உதை சராசரியாக நூற்றுக்கு எத்தனை முறை கோலாகிறது என்று கூட்டிப் பார்த்தால் உண்மையான பலம் தெரியும். இதைக்கொண்டு உலகின் பல லீக்குகளையும் ஒரே தராசில் நிறுத்தி, எங்கோ ஒரு சிற்றூர்க் கழகத்தில் நன்றாக ஆடும் இளைஞன் இங்கிலாந்தில் எப்படி ஆடுவான் என்று மதிப்பிட முடிந்தது. இம்முறையைப் பற்றிய கருத்து வேற்றுமையால், நல்ல பலன் தந்துகொண்டிருந்த மேனேஜர் மார்க் வார்பர்டன் 2015இல் விலகினார். பலரும் கழகத்தைப் பழித்தார்கள்.

பழி நெடுநாள் நிற்கவில்லை. 2017இல் எக்ஸிடர் என்னும் நான்காம் படிக் கழகத்திலிருந்து வந்த ஆலி வாட்கின்ஸ், இரண்டு பருவங்கள் பெரும்பாலும் ஓரத்தில் ஆடி, 2019இல் நடுவிடத்துக்கு மாற்றப்பட்டதும் கோல் மழை பொழிந்து, அடுத்த ஆண்டே சுமார் 2 கோடியே 80 லட்சம் பவுனுக்கு ஆஸ்டன் வில்லாவுக்குச் சென்றார். 2019இல் பிரான்ஸின் ட்ருவா கழகத்திலிருந்து சுமார் 58 லட்சம் பவுனுக்கு வந்த பிரையன் எம்பியூமோவுக்கு அப்போது வயது பத்தொன்பது. வலது ஓரமே அவர் இடம். ஆறு ஆண்டுகள் ஆடி, 2024-25 பருவத்தில் 20 லீக் கோல்கள் அடித்தபின், மான்செஸ்டர் யுனைடெட் அவருக்கு 6 கோடியே 50 லட்சம் பவுன் கொடுத்தது. இவர்களை வாங்கியபோது கணக்கு மட்டுமே பேசவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்: எண்கள் பெயர்களை முன்னே கொண்டுவந்தன, அதன்பின் மனிதர்கள் நேரில் சென்று ஆட்டத்தைப் பார்த்தார்கள், குணத்தையும் விசாரித்தார்கள். யாரும் நோக்காத மூலைகளில் நோக்கும்படி கண்ணை ஏவியதே எண்களின் பேருபகாரம். 2021 மே 29 அன்று வெம்ப்ளியில் ஸ்வான்சியை 2-0 என்று வென்று, 74 ஆண்டுகளுக்குப் பின் பிரெண்ட்ஃபோர்ட் முதற் படிக்குத் திரும்பியது.

இத்தனை புகழுக்கும் நடுவே என் மனம் ஒப்பாத செயல் ஒன்று உண்டு. 2016இல் இக்கழகம் சிறுவர்களைச் சேர்த்துப் பழக்கும் பயிற்சியகத்தை மூடிவிட்டது. அவ்வாண்டில் தான் வளர்த்த இரண்டு இளைஞர்களை மான்செஸ்டரின் இரு பெருங்கழகங்கள் ஆளுக்குச் சுமார் 30,000 பவுன் மாத்திரம் கொடுத்துக் கொண்டுபோனதால், உழைப்பு நமக்கு, பலன் பிறருக்கு என்றாகிவிட்டது என்பது கழகத்தாரின் நியாயம். பதிலாக, பிற கழகங்கள் கைவிட்ட இளைஞர்களைக் கொண்டு ‘பி’ கோஷ்டி ஒன்றை அமைத்தார்கள். கணக்கின்படி இது குற்றமற்றது. ஆனால் ட்ருவாவையும் எக்ஸிடரையும் கண்ட கண், தன் ஹவுன்ஸ்லோ நகராட்சிக்குள்ளேயே இருக்கும் ஃபெல்ட்ஹாமையும் ஹெஸ்டனையும் காணாமற்போவது எவ்விதத்தில் நியாயமாகும்?

ஃபெல்ட்ஹாமில் என்ன கிடைக்கும் என்பதற்குப் பிரசித்தமான சான்று உண்டு. 1990களில் அவ்வூர்ப் பள்ளியில் தேகப்பயிற்சி ஆசிரியராக இருந்த ஆலன் வாட்கின்சன், ஆங்கிலம் சரியாகப் பேசத் தெரியாத, ஆர்செனலுக்கு வலது ஓரத்தில் ஆட வேண்டும் என்று கனவு கண்டுகொண்டிருந்த ஒரு சோமாலியச் சிறுவனின் ஓட்டத்தைக் கவனித்து, அவனுடைய வருங்காலம் பந்தில் இல்லை, நீண்ட தூர ஓட்டத்தில்தான் என்று கண்டுகொண்டார். பந்தாட்ட ஆசையையே தூண்டிலாகக் காட்டி ஹவுன்ஸ்லோ ஓட்டக்காரர் சங்கத்துக்கு அழைத்துச் சென்றார். அச்சிறுவனே 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற மோ ஃபாரா. எந்தப் பேரேட்டிலும் பதியப்படாத பிள்ளையை, தினந்தோறும் கண்ட ஓர் ஆசிரியரின் கண் எடைபோட்டது.

2021 ஜனத்தொகைக் கணக்கின்படி ஹவுன்ஸ்லோ வாசிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் ஆசிய வம்சத்தினர். அந்நகராட்சியைச் சேர்ந்த ஆஸ்டர்லியில், 1916இல் நிறுவப்பட்ட இந்தியன் ஜிம்கானா சங்கத்தின் மைதானம் இன்றும் இருக்கிறது. ஆயினும் இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்தில் தெற்காசிய வம்சத்து ஆட்டக்காரர் மிகச் சிலரே. 2022இல் பிரெண்ட்ஃபோர்ட் தன் பயிற்சியகத்தை மறுபடியும் தொடங்கியிருக்கிறது. ஹவுன்ஸ்லோவின் பள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் ஆள் அனுப்பி, தேகப்பயிற்சி ஆசிரியர்கள் தங்கள் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதையும் கேட்டு, ட்ருவாவின் ஆட்டக்காரனைப் பற்றி எழுதிய அதே சிரத்தையோடு அக்கழகம் எழுதிக்கொள்ள வேண்டும்.