குளிரின் எல்லையும் டாக்காவிலிருந்து சென்ற கடிதமும்

திருக்கோணமலையிற் பிறந்த நாம் கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் நீராடியவர்கள். ஒரு கிணற்றின் சூடு மற்றொன்றில் இல்லை என்பதை நம் உடம்பே அறியும். துறைமுகத்திலோ மீன் கெடாதிருக்க ஐஸ் உடைத்துப் போடுவதைக் காண்கிறோம். இச்சூட்டையும் குளிரையும் அன்றாடம் தொட்டு வாழும் நாம், குளிருக்கு ஓர் எல்லை உண்டா என்று கேட்டதுண்டா?

உண்டு என்கிறது பௌதிகம். பனிக்கட்டி உருகும் நிலைக்குக் கீழே 273.15 பாகையில் அவ்வெல்லை இருக்கிறது. அதனைத் தனிப்பூச்சியம் என்பர். 1906இல் ஜெர்மானிய அறிஞர் வால்தர் நேர்ண்ஸ்ட் அவ்வெல்லையைப் பற்றிய விதியொன்றை வெளியிட்டார். பின்னர் மாக்ஸ் பிளாங்க் அதைச் செம்மைப்படுத்தினார். பொருளிலுள்ள அணுக்களின் ஒழுங்கின்மையை அளப்பது எந்திரப்பி. தனிப்பூச்சியத்தை நெருங்க நெருங்கத் தூய பளிங்கின் எந்திரப்பியும் பூச்சியத்தை நெருங்கும். ஆயினும் எத்தனை படி இறங்கினும் அவ்வெல்லையை எட்டுதல் இயலாது. இதுவே வெப்ப இயக்கவியலின் மூன்றாம் விதி.

ஆனால் வாயுக்களைப் பற்றிய பழைய கணக்கு இவ்விதிக்கு இணங்கவில்லை. அம்முடிச்சு அவிழ வழிசெய்தவர் நம் அயல்நாட்டவர் ஒருவர். டாக்காப் பல்கலைக்கழக ஆசிரியரான சத்தியேந்திரநாத் போஸ், 1924 யூன் 4ஆம் நாள் தம் கட்டுரையொன்றை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். அப்போது அவருக்கு வயது 30. கலாநிதிப் பட்டமும் அவரிடம் இல்லை.

அவர் செய்தது ஒரு புதிய எண்ணல் முறை. இரு காசுகளை இரு பெட்டிகளில் இடுவோம். காசுகளை வேறுபிரித்து அறியலாமெனின் நான்கு வகையில் இடலாம். அவற்றுள் இரண்டில் காசுகள் ஒரே பெட்டியிற் சேரும். வேறுபிரித்து அறிய முடியாதெனின் வகை மூன்றே. சேர்ந்திருப்பவை அப்போதும் இரண்டு. ஆகவே ஒன்றுசேரும் வாய்ப்பு மிகுகிறது. ஒளித்துகள்களை இவ்வாறே எண்ணினார் போஸ்.

ஐன்ஸ்டைன் அக்கட்டுரையைத் தாமே ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட்டார். பின் அம்முறையை அணுக்களுக்கும் விரித்து, அத்தகைய வாயு நேர்ண்ஸ்டின் விதிக்கு அமையும் என்று காட்டினார். கடுங்குளிரில் அணுக்கள் திரளாக ஒரே நிலையில் ஒடுங்கும் என்றும் கூறினார்.

அதனைக் கண்ணாற் காண உலகம் நெடுங்காலம் காத்திருந்தது. 1995 யூன் 5ஆம் நாள் அமெரிக்காவில் கோர்ணெல், வைமன் என்பார் ருபீடியம் அணுக்களை அந்நிலைக்குக் கொணர்ந்தனர். கடிதம் எழுதி 71 ஆண்டும் ஒரு நாளும் ஆகியிருந்தன! ஒரு பாகையை நூறு கோடி கூறாக்கினால் அவற்றுள் 170 கூறே அவ்வாயுவின் வெப்பநிலை. 1974இலேயே மறைந்த போஸ் அதைக் காணவில்லை.

பரீட்சைக்காக மூன்றாம் விதியை மனனஞ் செய்தோம். அதனோடு டாக்காவுக்குள்ள தொடர்பை அறியாமலே விடையெழுதி வந்தோம். கருவியில்லை, பட்டமில்லை, பெருநகர் தொலைவில் என்று நாம் சோரும்போது அக்கடிதத்தை நினைப்போமாக. போசுக்கு அன்று வேண்டியிருந்தவை தாளும், பேனாவும், பெரியாரிடம் கேட்கும் துணிவுமே.