கான்ஸ்டபிள் சபானை நமக்குத் தெரியுமா?

பழைய மாணவர் ஒருவர் நற்சான்றிதழ் கேட்டு வந்தார். பொலிஸ் கான்ஸ்டபிள் பதவிக்கு விண்ணப்பிக்கிறாராம். கையொப்பமிடும்போது மெதுவாகச் சொன்னார்: "சேர், இது எங்கட ஆக்களுக்குச் சரிவராத தொழிலாம். உம்மா அழுறா."

அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

1864 மார்ச் 21. மாவனெல்லையில் சரதியல் பதுங்கியிருந்த வீட்டைப் பொலிஸார் சுற்றிவளைத்தனர். துப்பாக்கிச் சூட்டில் கான்ஸ்டபிள் சபான் உயிரிழந்தார். அவர் ஒரு மலாய் முஸ்லிம். கடமையின்போது உயிர்நீத்த முதல் இலங்கைப் பொலிஸ் உத்தியோகத்தர் அவரே. இன்றும் மார்ச் 21 பொலிஸ் வீரர்கள் தினம்.

அந்தக் கொலைக்காக அதே வருடம் மே 7இல் கண்டியில் சரதியலோடு தூக்கிலிடப்பட்டவர் மம்மலே மரிக்கார். அவரும் நம்மவர்தான். சரதியல் கதை சொல்லும்போது மரிக்காரையும் சொல்கிறோம். சபானை மறந்துவிட்டோம்.

கெம்பல் பொறுப்பேற்று இன்றைய பொலிஸ் சேவை தொடங்கியது 1866 செப்டெம்பர் 3இல். அதற்கும் முன்பே நம்மவர் அந்தச் சீருடையில் இருந்திருக்கிறார்.

வர்த்தமானி வந்தால் வயது, கல்வித் தகைமை, உயரம், மார்பளவு எல்லாவற்றையும் கவனமாக வாசியுங்கள். எழுத்துப் பரீட்சை, உடற்தகைமை, நேர்முகம், மருத்துவப் பரிசோதனை, பின்னணி விசாரணை என்று நீண்ட பாதை அது. பொறுமை வேண்டும்.

முறைப்பாட்டைத் தமிழில் எழுத ஆளில்லை என்று குறைப்படுகிறோம். நம் பிள்ளைகள் விண்ணப்பிக்காவிட்டால் யார் எழுதுவது?

அன்று பின்னேரமே அந்த உம்மாவையும் போய்ப் பார்த்தேன். விண்ணப்பம் பதிவுத் தபாலில் போய்விட்டது.