நோட்டோ தீபகற்பத்தின் ஆண்டு விழாக்கள்

ஜப்பானின் பெருந்தீவான ஹோன்ஷுவின் நடுப்பகுதியிலிருந்து ஜப்பான் கடலுக்குள் வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் நிலம் நோட்டோ தீபகற்பம். இஷிகாவா மாகாணத்தின் வடபகுதி இது. நனாவோ, வாஜிமா, சுசு ஆகியவை இதன் முக்கிய ஊர்கள். உழவும் மீன்பிடியும்தான் இங்கு பிழைப்பு. விழாக்களின் காலமும் அவற்றை ஒட்டியே அமைந்திருக்கிறது. ஜூலை முதல் அக்டோபர் வரை ஏறக்குறைய 200 ஊர்களில் நடக்கும் கிரிகோ விழாக்களால்தான் வெளியுலகம் நோட்டோவை அறிகிறது.

கிரிகோ என்பது ஆள் உயரத்தைப் போல் பல மடங்கு உயர்ந்த காகித விளக்குக் கூடு. சாமி பல்லக்கு இரவில் புறப்படும்போது வழிக்கு வெளிச்சம் காட்டத் தோன்றியது. முன்பக்கம் பெரிய எழுத்துகளும் பின்பக்கம் போர்வீரர் ஓவியமும் தீட்டியிருப்பார்கள். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஒசாக்காவுக்கும் ஹொக்காய்டோவுக்கும் இடையே ஓடிய வணிகக் கப்பல்கள் நோட்டோவின் துறைமுகங்களில் தங்கிச் சென்றன. கையில் காசு புழங்கியதும் தெருவுக்குத் தெரு போட்டி மூண்டது. விளக்குகள் உயர்ந்துகொண்டே போயின, வாஜிமாவின் புகழ்பெற்ற அரக்குப் பூச்சும் அவற்றில் ஏறியது. பிறகு மின்கம்பிகள் வந்து பல ஊர்களில் அந்த உயரத்தைக் குறைத்தன. நனாவோவின் மீனவர் குடியிருப்பான இஷிசாக்கியில் பழைய வளர்த்தி இன்னும் தெரிகிறது. ஆகஸ்டு முதல் சனிக்கிழமை, சுமார் 2 டன் எடையுள்ள விளக்கை ஏறக்குறைய நூறு ஆண்கள் தோளில் தூக்கி வருகிறார்கள்.

இவ்வரிசையில் முந்தி வருவது உஷிட்சு ஊரின் அபாரே விழா. ஜூலை முதல் வெள்ளி, சனி இரவுகளில் நடக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோய் பரவியபோது கியோத்தோவின் கியோன் கோயில் தெய்வத்தை ஊருக்கு அழைத்து வந்தார்கள். நீல நிறக் குளவிகள் நோயாளிகளைக் கொட்ட, நோய் தீர்ந்தது. அந்த நன்றிக்கு விளக்குகளைச் சுமந்து கோயிலுக்குப் போனார்கள் என்பது ஊர் வழக்கு. முதல் இரவு, எரியும் பந்தக் கம்பங்களைச் சுற்றி விளக்குகள் வலம் வரும். தூக்குபவர்களின் தலைமேல் நெருப்புப் பொறி கொட்டும். இரண்டாம் இரவு சாமி பல்லக்குகளையே கடலில் வீசுகிறார்கள், ஆற்றில் புரட்டுகிறார்கள், தீயில் போட்டு உருட்டுகிறார்கள். முரட்டுத்தனம் கூடக் கூடத் தெய்வம் மகிழும் என்பது அவர்கள் நம்பிக்கை.

விழா நாளில் வீட்டுக் கதவு சாத்தப்படுவதில்லை. உறவினர், நண்பர், வேலையிடத்துப் பழக்கம் என யாரையும் அழைத்து விருந்து வைக்கும் இந்த வழக்கத்துக்கு யொபாரே என்று பெயர். செந்நிற அரக்குத் தட்டுகளில் பச்சை மீனும் பயறு கலந்த சோறும் வரும். விளக்குகளைப் படம் பிடிக்க வருகிறவர்கள் இந்த விருந்தைக் காண்பதே இல்லை. விழாவின் உயிர் இதில்தான் இருக்கிறது.

கோடைக்கு முன்னரே, மே 3 முதல் 5 வரை, நனாவோவில் செய்ஹகு விழா நடந்துவிடும். மூன்று தெருக்கள் ஆளுக்கொரு தேர் கட்டுகின்றன. உயரம் 12 மீட்டர், எடை 20 டன். சக்கரம் ஆளை விடப் பெரியது. திருவாரூர்த் தேரைத் தெருமுனையில் திருப்பப் படும் பாடு தெரிந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. நீண்ட மரநெம்புகோலைத் தேரின் முன்பக்கத்தில் கொடுத்து, அதன்மேல் இளைஞர்கள் வரிசையாக ஏறி நின்று தம் எடையால் அழுத்துகிறார்கள். முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும். அடியில் குறுக்குச் சக்கரம் ஒன்றைச் செருகித் தேரைத் திருப்புகிறார்கள். 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஜப்பானியத் தேர்விழாக்களில் இதுவும் ஒன்று.

செப்டம்பர் 20 அன்று நனாவோவின் நகாஜிமா பகுதியில் 20 மீட்டர் உயரச் செங்கொடிகள் நிலத்தைத் தொடும் அளவுக்குச் சாய்க்கப்படுகின்றன. அறுவடை முடிந்ததும் ஆரவாரம் வீட்டுக்குள் அடங்குகிறது.

டிசம்பர் 5 அன்று நடக்கும் அயெநோகோத்தோவுக்குக் கூட்டமே கிடையாது. குடும்பத் தலைவர் சம்பிரதாய உடை உடுத்தி, கண்ணுக்குத் தெரியாத வயல் தெய்வங்களான கணவன் மனைவியை வீட்டுக்கு அழைத்து வருகிறார். நெற்கதிர் குத்தித் தெய்வத்தின் கண் பழுதாகிவிட்டது என்பார்கள். ஆகவே படி இருக்கிறது, பார்த்து வாருங்கள் என்று வாய்விட்டுச் சொல்லி நடத்துகிறார். அடுப்பருகே உட்காரவைத்துக் குளிர் போக்கி, வெந்நீர் பதமாக இருக்கிறதா என்று கேட்டுக் குளிக்கவைத்து, இரண்டு படையல் முன் அமர்த்துகிறார். சோறு, மீன், இரண்டாகக் கிளைத்த முள்ளங்கி என ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பரிமாறுவார். குளிர்காலம் முழுதும் தெய்வம் அந்த வீட்டிலேயே தங்கும். பிப்ரவரி 9 அன்று மறுபடி விருந்து வைத்து வயலுக்கு அனுப்பிவைப்பார்கள். 2009இல் யுனெஸ்கோ இதைப் பட்டியலில் சேர்த்தது.

இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விட்டதால் கிரிகோ விளக்கைத் தூக்கத் தோள் போதவில்லை. பல ஊர்கள் அதற்குச் சக்கரம் பூட்டிவிட்டன. புத்தாண்டுக்கு வராதவர்களும் விழாவுக்கு ஊர் திரும்புவதால்தான் இந்த வழக்கம் இதுவரை தாக்குப்பிடித்திருக்கிறது.

2024 ஜனவரி 1 மாலை 4.10 மணிக்கு 7.6 அளவுள்ள நிலநடுக்கம் நோட்டோவைத் தாக்கியது. வாஜிமாவின் காலைச்சந்தைத் தெரு எரிந்து சாம்பலானது. வடமேற்குக் கரையில் சில இடங்களில் நிலம் சுமார் 4 மீட்டர் மேலெழும்ப, துறைமுகங்களின் அடித்தரை வெளியே தெரிந்தது. அந்த மே மாதம் நனாவோவின் தேர்கள் ஓடவில்லை. கோடையில் பல ஊர்கள் விழாவைக் கைவிட்டன. உஷிட்சு கைவிடவில்லை. ஜூலை 5, 6 தேதிகளில், இடிபாடுகள் இன்னும் அகற்றப்படாத தெருக்களிலேயே விளக்குகளைத் தூக்கினார்கள்; ஊரை விட்டு வேறிடங்களில் தங்கியிருந்தவர்களும் அதற்காகத் திரும்பி வந்தார்கள்.