ராத்திரி 2 மணி, குவீன்ஸ் பிளாசா

நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறை என்றாலே எனக்கு ஞாபகம் வருவது ஒரு பஸ். 1990களில் விடுதலையானவர்களை ராத்திரி 2 மணிக்கும் விடியற்காலை 6 மணிக்கும் நடுவில் குவீன்ஸ் பிளாசாவில் இறக்கிவிட்டுப் போய்விடும். கையில் ஒன்றரை டாலர், இரண்டு பயணத்துக்கு மெட்ரோ அட்டை. அவ்வளவுதான்.

உள்ளே வந்தபோது மனநோய் உண்டா என்று விசாரித்து மாத்திரை கொடுத்த அதே சிறைதான். வெளியே போகும்போது மாத்திரையும் கிடையாது, எந்த டாக்டரைப் பார்ப்பது என்ற தகவலும் கிடையாது. இத்தனைக்கும் ஹெராயின் பழக்கமுள்ளவர்களுக்கு மெத்தடோன் கொடுத்து, பிறகு வெளி கிளினிக்கில் சேர்த்துவிடும் திட்டம் 1987லேயே அங்கு தொடங்கிவிட்டது. வழி தெரியாமல் இல்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

1999இல் ‘பிராட் எச்.’ என்ற மாற்றுப் பெயரில் ஒருவரும் இன்னும் சிலரும் மாநகர நிர்வாகத்தின்மேல் வழக்குப் போட்டார்கள். புதுச் சட்டமெல்லாம் கேட்கவில்லை. மனநோயாளியை அனுப்பும்போது அடுத்த சிகிச்சைக்கு ஏற்பாடு செய்யச் சொல்லும் மாநிலச் சட்டம் சிறைக்கும் பொருந்தும் என்றார்கள். 2000இல் நீதிபதி ஒத்துக்கொண்டார். நிர்வாகம் மேல்முறையீட்டுக்குப் போனது. 2003இல்தான் உடன்படிக்கை: கையில் மாத்திரை, மருந்துச்சீட்டு, அரசு மருத்துவ உதவிக்கு விண்ணப்பம், நோய் முற்றியவர்களுக்குத் தங்குமிடம்வரை வண்டி. நடக்கிறதா என்று பார்க்க இரண்டு கண்காணிப்பாளர்கள். பல வருஷம் கழித்தும் அவர்கள் குறைகளை எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள்.