மின்னோ

மின்னோ என்பது சிறிய நன்னீர் மீனுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர். பெரிய அணிகளுக்கு நடுவே ஆட வரும் பலம் குறைந்த அணியையும், பெரு நிறுவனங்களோடு போட்டியிடும் சிறு நிறுவனத்தையும் ஆங்கிலப் பத்திரிகைகள் இதே பெயரால் அழைக்கின்றன.

பிரிட்டனில் மின்னோ என்றால் பெரும்பாலும் ஒரே மீன்தான். அதன் அறிவியல் பெயர் போக்சினஸ் போக்சினஸ். கெண்டைக்கு உறவான இது பொதுவாக 6 முதல் 10 செ.மீ. நீளம் வளரும், குளிர்ந்த, தெளிந்த ஓடைகளில் கூட்டமாகத் திரியும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீனின் வயிறு சிவந்து, தலையில் வெண்ணிறப் பருக்கள் போன்ற புடைப்புகள் தோன்றும்.

வட அமெரிக்காவில் இந்தப் பெயர் மீன் இனங்களின் ஒரு பெருங்கூட்டத்தையே குறிக்கும். ஃபேட்ஹெட் மின்னோ என்ற வகை, நீரில் கலக்கும் வேதிப்பொருள்களின் நச்சுத்தன்மையைச் சோதிக்க ஆய்வகங்களில் வளர்க்கப்படுகிறது. கொலராடோ ஆற்றுப் படுகையின் பைக்மின்னோ ஒரு காலத்தில் 1.8 மீட்டர் வரை வளர்ந்ததாகக் கூறப்படுகிறது. அணைகளாலும் வெளியிலிருந்து வந்து சேர்ந்த மீன்களாலும் நலிந்துபோன அது, இன்று அழியும் நிலையில் உள்ள இனங்களில் ஒன்று.

மின்னோவின் பலம் கூட்டத்தில் இருக்கிறது. 1938இல் கார்ல் ஃபான் ஃபிரிஷ் இதைப் பற்றிய அருமையான ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டார். காயம்பட்ட மின்னோவின் தோலிலிருந்து ஒருவகைப் பொருள் நீரில் கரைகிறது. அதை மோப்பம் பிடித்ததும் கூட்டத்தின் மற்ற மீன்கள் மிரண்டு ஓடிப் பதுங்குகின்றன. தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்து 1973இல் நோபல் பரிசு பெற்றவரும் இவரே.

காயம்பட்ட மின்னோ தூண்டில்காரர்களுக்கும் பாடம் சொல்லியிருக்கிறது. அடிபட்ட மீன் ஒருபக்கமாகத் தள்ளாடி நீந்தும். வேட்டை மீன்கள் அதையே தேடிப் பாயும். பின்லாந்து மீனவர் லௌரி ரபாலா 1936இல் தக்கையைச் செதுக்கி அந்தத் தள்ளாட்டத்தை அப்படியே கொண்டுவந்தார். மின்னோ வடிவச் செயற்கை இரைகள் இன்று உலகெங்கும் விற்பனையாகின்றன.

உருவகப் பொருளும் பழையதுதான். ‘கோரியோலேனஸ்’ நாடகத்தில் ஷேக்ஸ்பியர் இதை ஏளனச் சொல்லாகக் கையாண்டிருக்கிறார். இன்று இந்தச் சொல் அதிகம் புழங்குவது கிரிக்கெட்டிலும் கால்பந்திலும். தமிழ் விளையாட்டுப் பக்கங்களில் இதன் இடத்தில் வருவது ‘கத்துக்குட்டி அணி’. இது மின்னோவைவிடக் கடுமையானது. மின்னோ ஆளின் அளவைத்தான் சொல்கிறது. கத்துக்குட்டி ஆட்டமே தெரியாது என்கிறது.

அந்தப் பட்டம் எவ்வளவு அவசரமானது என்பதற்கு இலங்கையே சாட்சி. 1979 உலகக் கோப்பையில் டெஸ்ட் தகுதி பெறாத அணியாக ஓல்டு டிராஃபோர்டில் இறங்கி, 238 ரன் எடுத்து, இந்தியாவை 191க்குச் சுருட்டியது. 1981இல் டெஸ்ட் தகுதி, 1996இல் உலகக் கோப்பை. அதே 1996 தொடரில், புனேயில் கென்யா மேற்கிந்தியத் தீவுகளை 93 ரன்னில் சுருட்டி வென்றது. 2011இல் பெங்களூருவில் அயர்லாந்து வீரர் கெவின் ஓ’பிரையன் 50 பந்துகளில் சதம் அடித்து இங்கிலாந்தை வீழ்த்தினார். அயர்லாந்தும் ஆப்கானிஸ்தானும் 2017இல் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் (ஐ.சி.சி.) முழு உறுப்பினராயின.

இத்தனைக்கும் பிறகு, 2015இல் 14 அணிகள் ஆடிய ஒருநாள் உலகக் கோப்பையை 2019இலும் 2023இலும் 10 அணிகளாகச் சுருக்கியது ஐ.சி.சி. சிறிய நாடுகளுக்கு இழைத்த அநீதி அது. பெரிய அணிகளோடு மோதாமல் எந்த அணியும் வளர்ந்ததில்லை. 2027 தொடர் மீண்டும் 14 அணிகளோடு தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியா நாடுகளில் நடக்க இருக்கிறது. தொடரை நடத்தும் நாடாக இருந்தும், நமீபியாவுக்கு நேரடி இடம் கிடையாது. தகுதிச்சுற்றில் வென்றுதான் உள்ளே வர வேண்டும்.